கொயினாவும் மிளகுத்தண்ணியும்: மொட்டைமாடிக் கதை ஒன்றைச் சரிபார்த்த கதை

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை எங்க வீட்டு மொட்டைமாடியில் கல்லூரி நண்பர்கள் கூடுவோம். நாலு பேர்தான். எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டதால் கூட்டம் பத்தரைக்கே முடிந்துவிடும். கலக்குவது என் டிபார்ட்மெண்ட். 60 மி.லி. ஜின், 150 மி.லி. டானிக் வாட்டர், நிறைய ஐஸ், அரை எலுமிச்சை, ஒன்றிரண்டாகத் தட்டிய நாலு மிளகு. அவ்வளவுதான் என் காக்டெயில் ஞானம். கீழே அடுப்பில் மிளகு ரசம் இருக்கும். கடைசியில் எல்லாரும் இறங்கிப் போய், குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றிச் சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் வருவதே அந்த ரசத்துக்காகத்தான்.

கலக்கும்போது ஒரு கதை சொல்வேன். பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை. "இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார சிப்பாய்ங்களுக்கு மலேரியா. மருந்து கொயினா. கசப்பு தாங்கல. அதனால சர்க்கரை, சோடா, எலுமிச்சை, கடைசில ஜின்னையும் சேர்த்து அடிச்சாங்க. அப்படிப் பிறந்ததுதான் ஜின் டானிக்." நீங்களும் கேட்டிருப்பீர்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் இதுதான் வரும்.

போன வருஷம் அப்படி ஒரு ராத்திரி. அப்பா கீழே தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போலக் கதையை விட்டேன். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நேத்து கொயினாவப் பத்தி ஏதோ பேசிட்டு இருந்தீங்களே."

எனக்குக் காபி இறங்கவில்லை. அவருக்கு எண்பது வயது. நான் குடிப்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், ஆனால் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நல்லவேளை, அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"உங்க தாத்தா கொயினாத் தோட்டத்துலதான் பட்டை உரிச்சாரு. நீலகிரில. கை ரெண்டும் எப்பப் பாத்தாலும் தடிச்சுப்போய் அரிச்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி பாட்டி தேங்காண்ணை தடவி விடுவாங்க. அதச் சாராயத்துல கலந்து குடிச்ச கதையெல்லாம் அவர் சொன்னதில்ல."

தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தார் என்று தெரியும். எஸ்டேட் என்றால் டீ என்றே நான் நினைத்துவிட்டேன், கேட்கவும் இல்லை. பத்து வருஷமாக நான் மொட்டைமாடியில் கொயினா கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொயினா மரத்துப் பட்டையை உரித்த மனிதரின் மகன் கீழே ஹாலில் படுத்திருக்கிறார். அன்றைக்கு ஆபீஸ் வேலை ஓடவில்லை. சரி, கதையை டீபக் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. டானிக் வாட்டரில் கொயினா எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உச்சவரம்பு உண்டு: பத்து லட்சத்துக்கு 83 பங்கு. அதாவது ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம். மலேரியா வந்த பெரியவர்களுக்கு அதே நாட்டில் கொடுக்கப்படும் கொயினா அளவு வேளைக்கு 648 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, பொதுவாக ஏழு நாள். மாத்திரையில் இருப்பது கொயினாவின் உப்பு என்பதால் துல்லியமாக ஒப்பிட முடியாது. ஆனாலும் தோராயமாக நாளொன்றுக்கு 23 லிட்டர் டானிக் குடிக்க வேண்டும். இது வந்தபின் குணமாக்க. வராமல் தடுக்க அந்தக் காலத்தில் கொடுத்தது நாளைக்கு ஐந்து கிரெய்ன் அளவில், ஏறக்குறைய 324 மில்லிகிராம். என் கிளாஸில் ஊற்றுகிற 150 மி.லி. டானிக்கில் அதிகபட்சம் 12.45 மில்லிகிராம்தான் இருக்கும். 324ஐ 12.45ஆல் வகுத்தால் 26 கிளாஸ். கூடவே போகும் ஜின் 1560 மி.லி., அதாவது ரெண்டு ஃபுல்லுக்கும் மேலே. கொசு கடிக்குமுன் ஆள் போய்விடுவான்.

அந்தக் காலத்து டானிக்கில் கொயினா கூடுதலாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். அதனால் அடுத்ததாகத் தேதிகளைப் பார்த்தேன். கொயினா சேர்த்த சோடாவுக்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858ல் காப்புரிமை வாங்குகிறார். விற்றது பொதுவான சத்துபானமாக. பசியைத் தூண்டும், ஜீரணத்துக்கு நல்லது என்ற வகை. ஷ்வெப்ஸ் கம்பெனியின் 'இந்தியன்' டானிக் 1870களின் தொடக்கத்தில் வருகிறது. 'ஜின் அண்ட் டானிக்' என்ற சொற்கள் சேர்ந்து அச்சில் வரும் மிகப் பழைய இடமாக இதுவரை ஆய்வாளர்கள் காட்டுவது 1868ல் வந்த 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்'. அங்கே சிப்பாயும் இல்லை, காய்ச்சலும் இல்லை. குதிரைப் பந்தயம் முடிந்ததும் துரைமார்கள் பிராந்தி சோடா, சுருட்டு இவற்றோடு சேர்த்துக் கேட்கிற பானம் அது. வெயிலுக்கு இதமாக ஜில்லென்று ஒன்று. நாம் குடிக்கிற அதே காரணம்!

அப்படியானால் கதை முழுக்கப் புருடாவா என்றால் அதுவும் இல்லை. கொயினாவை மதுவில் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் முக்கியமான இடம் மேற்கு ஆப்பிரிக்கக் கரை. அங்கே பிரிட்டிஷ் கடற்படையில் 'கொயினா ஒயின்' கொடுத்தார்கள். 1854ல் வில்லியம் பெய்க்கி என்ற மருத்துவர் பிளேயட் என்ற கப்பலில் நைஜர் நதியில் மேலேறிப் போனபோது எல்லாருக்கும் தினமும் கொயினா கொடுத்து, ஒருவரையும் காய்ச்சலுக்குப் பலி கொடுக்காமல் திரும்பினார். அதற்கு முன் அந்த நதிக்குள் போனவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தார்கள். அந்த ஒயினும் இந்த டானிக்கும் ஒரே கிளாஸில் கலந்து ஒரு நல்ல கதையாகிவிட்டது.

கொயினாவுக்கு இது புதுசும் இல்லை. அது எடுக்கப்படும் சிங்கோனா மரத்தின் பெயரே ஒரு கட்டுக்கதை. பெரு நாட்டு ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, காய்ச்சலில் கிடந்தபோது இந்தப் பட்டையால் பிழைத்தார் என்று நம்பி லின்னேயஸ் 1742ல் மரத்துக்கு அவர் பெயரை வைத்தார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். வைஸ்ராயின் அரண்மனை நாட்குறிப்பில் அப்படி ஒரு சம்பவமே இல்லை என்று 1941ல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். சீமாட்டிகளும் சிப்பாய்களும் கதைகளில் சுலபமாக நுழைந்துவிடுகிறார்கள். பட்டை உரித்தவர்கள் நுழைவதில்லை.

அவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் உண்டு. மனுவேல் இன்க்ரா மமானி. பொலிவிய மலைக்காட்டில் எந்தச் சிங்கோனா மரத்தில் கொயினா அதிகம் என்று பார்த்தே சொல்லக்கூடிய பழங்குடி மனிதர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரியிடம் வேலை பார்த்தார். நல்ல மரத்தின் விதை கேட்டு லெட்ஜர் அனுப்ப, வருஷா வருஷம் உறைபனியில் பூ கருகிப்போக, மமானி நாலு வருஷம் காத்திருந்தார். 1865ல் விதையோடு மலை இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடந்து லெட்ஜரிடம் சேர்த்தார். பிரிட்டிஷ் அரசு அந்த விதையை வாங்க மறுத்துவிட்டது. டச்சு அரசு சுமார் ஒரு பவுண்டு எடைக்குச் சொற்ப விலை கொடுத்து வாங்கி ஜாவாவில் நட்டது. நீலகிரியிலும் ஜாவாவிலும் அதுவரை இருந்த மரங்களைவிடப் பல மடங்கு கொயினா அதில் இருந்தது. 1930களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. எல்லாம் அந்த ஒரு பை விதையின் வாரிசுகள்.

அந்த மரத்துக்கு வைத்த பெயர் 'லெட்ஜெரியானா'. மமானி 1871ல் மறுபடி விதை சேகரிக்கப் போனபோது கொரோய்க்கோ ஊர் அதிகாரி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். விதை யாருக்கு என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. வெளியே விட்ட கொஞ்ச நாளில் இறந்துபோனார். ஜின் டானிக் பற்றி இவ்வளவு கட்டுரைகள் படித்திருந்தும் இந்தப் பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

நீலகிரிக்கு வருவோம். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த செடிகள் 1860 அக்டோபரில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தபோது பெரும்பாலும் செத்த குச்சிகள். பிழைத்தது ஈக்வடார் பக்கம் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் சேகரித்த செம்பட்டை ரகம். 400க்கும் மேற்பட்ட செடிகளை கிராஸ் 1861 ஏப்ரலில் ஊட்டியில் கொண்டுவந்து இறக்கினார். அவற்றைப் பெருக்கியவர் ஊட்டி அரசுத் தோட்டத்தின் மெக்கைவர். நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பொட்டானிக்கல் கார்டனை உருவாக்கியவர் இவர்தான். பட்டையைப் பட்டையாக உரித்து, உரித்த இடத்தில் பாசியை வைத்துக் கட்டிவிட்டால் புதுப்பட்டை வளரும், அதில் சத்தும் கூடும் என்று கண்டுபிடித்தவரும் இவரே. மரத்துக்குக் கட்டுப் போடுகிற வைத்தியம் மாதிரி.

தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். ஆள்? நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று சுற்றுலாப் பக்கங்கள் எழுதுகின்றன. அதுவும் நம் சிப்பாய் கதை மாதிரிதான். பினாங், சிங்கப்பூர் பக்கம் நீதிமன்றங்களில் தண்டனை பெற்று மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை அடைத்த சிறை இன்றும் நடுவட்டத்தில், அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் வளாகத்தில் இருக்கிறது. விடுதலையான பின் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, காய்கறியும் காபியும் பயிர் செய்து வாழ்ந்த இந்தக் குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தலையின் நீள அகலத்தை அளப்பதில்தான் அவருக்கு அக்கறை. அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

இந்த நீலகிரிக் கொயினா டானிக் பாட்டிலுக்கு என்று வளர்த்தது இல்லை. முதலில் பட்டாளத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும். 1892ல் வங்காளத்தில் தபாலாபீஸிலேயே காலணாவுக்கு ஒரு பொட்டலம் கொயினா விற்க ஆரம்பித்து, அது மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நம் ஊர்க்காரர்கள் கொயினா சாப்பிட்ட விதம் அதுதான். ஐஸ் கிடையாது, எலுமிச்சை கிடையாது. வெறும் பொடி. காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்றே அப்போது தெரியாது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்டில்தான். 1942ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொயினா வரத்து நின்றுபோக, நீலகிரியிலும் டார்ஜிலிங் பக்கமும் இருந்த மரங்களுக்குத் திடீர் மவுசு. தாத்தா பட்டை உரித்தது அந்தக் காலத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பிறகு குளோரோகுயின் மாதிரி ரசாயன மருந்துகள் வந்தன, மரங்கள் போய்த் தேயிலை வந்தது. வால்பாறைப் பக்கம் ஓர் ஊருக்கு 'சிங்கோனா' என்ற பெயர் மட்டும் மிச்சம். அங்கேயும் இப்போது தேயிலைதான்.

தாத்தாவின் கை அரிப்புக்கும் பதில் கிடைத்தது. சிங்கோனாப் பட்டையைக் கையாளுகிறவர்களுக்குத் தோல் தடித்து அரிக்கும் நோய் வரும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்ஸ் நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "ஓ, அதுக்குப் பேரே இருக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு ஏதோ ரத்தக் கெடுதல்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சுட்டு இருந்தாரு" என்றார்.

இந்த இடத்தில் ரசத்தையும் விடக்கூடாது. மாடியில் இருந்தது அவர்கள் பானம், அடுப்பில் இருந்தது நம் சாப்பாடு என்றுதான் நான் பிரித்து வைத்திருந்தேன். ஆங்கிலேயர்களின் 'மலிகடானி' சூப், நம் மிளகுத்தண்ணி என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயரே 'மல்'. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பதிவு எங்கே கிடைக்கிறது தெரியுமா? 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி காட்டுவது 1784. ஹைதர் அலியிடம் பிடிபட்டு பெங்களூர்ச் சிறையில் கிடந்த கடற்படைக்காரர் ஒருவர் கட்டிய பாட்டு. தங்களுக்கு அங்கே சாப்பாடு மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் என்று அவர் புலம்புகிறார். நமக்குக் காய்ச்சல் வந்தால், மனசு சரியில்லை என்றால் தேடுகிற சாப்பாடு, அவருக்கு ஜெயில் சாப்பாடு. நூறு வருஷத்துக்குள் அதிலேயே கோழி, ஆட்டுக்கறி, கறிப்பொடி எல்லாம் போட்டு விருந்து மேஜையில் முதல் சூப்பாக்கிவிட்டார்கள். 1878ல் மதராஸிலிருந்து சமையல் புத்தகம் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட் இதில் கறாரான ஆள். ஏழைத் தமிழர் வீட்டு மிளகுத்தண்ணியை அப்படியே எழுதியிருக்கிறார். புளி, வரமிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, உப்பு, கறிவேப்பிலை. இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, நெய்யில் வதக்கிய வெங்காயத்தோடு சேர்ப்பது. வெங்காயத்தை எடுத்துவிட்டால் என் அம்மா வைத்த ரசம்.

அந்தப் பட்டியலில் வரமிளகாய் சிங்கோனாவின் ஊர்க்காரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் நமக்கு வந்தவள். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். மிளகு மட்டும் நம் மலைக்காரன், அதுவும் நடுவட்டத்திலிருந்து இறங்கினால் வருகிற காடுகளில் விளைவது. என் கிளாஸில் நான் தட்டிப் போட்ட நாலு மிளகுக்கும் ரசத்தில் போட்ட மிளகுக்கும் ஒரே பொட்டலம்தான்.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். டானிக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று ஆன்லைனில் சிங்கோனாப் பட்டைப் பொடி வாங்கினேன். செய்முறை சொல்கிறவர்கள் 'ஒரு ஸ்பூன்' என்கிறார்கள். அந்த ஒரு ஸ்பூனில் எத்தனை மில்லிகிராம் கொயினா என்பது மரத்துக்கு மரம் மாறும். வீட்டில் அளக்க வழியில்லை. அளவு மீறினால் காதில் ரீங்காரம், தலைச்சுற்றல், பார்வை மங்கல். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சோதிக்காத கோடை நேராக புரொடக்‌ஷனில் போடுகிற மாதிரி. பொட்டலத்தை அப்படியே குப்பையில் போட்டேன். நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம். கடையில் வாங்கும் டானிக்கே போதும்.

அந்தப் பாட்டிலைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொண்டுபோனேன். ஜின் இல்லாமல், டானிக் மட்டும். அதற்கு முன் பாப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை இருட்டில் கிளாஸில் அடித்தால் டானிக் நீலமாக ஒளிரும். கொயினாவின் குணம் அது; 1852ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி ஒளிர்தல் பற்றி ஆராய்ந்ததே கொயினாக் கரைசலை வைத்துத்தான். தாத்தாவுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஹாலில் விளக்கை அணைத்துவிட்டாள். அப்பா அந்த நீலத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டதும் ஒரு மடக்கு குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"இது கொயினாவே இல்லடா. சக்கரத் தண்ணி. சின்னப் புள்ளைல எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பாட்டி பொடியக் குடுத்துட்டு வாயப் பொத்திப் பிடிச்சுக்குவாங்க. மூணு நாளைக்குச் சோறே கசக்கும். ரசஞ்சோறு ஒண்ணுதான் இறங்கும்."

என் 26 கிளாஸ் கணக்கைவிட இது சுருக்கம்.

போன மாசம் மறுபடி கூடினோம். அப்பாவிடம் காலையிலேயே "சாயங்காலம் பசங்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். "ரசத்துல மிளகு கொஞ்சம் கூடப் போடச் சொல்லு" என்றார். மாடியில் கலக்கும்போது இந்தத் தடவை மமானியிலிருந்து ஆரம்பித்தேன். நாலு வருஷப் பனி, கொரோய்க்கோ சிறை, நடுவட்டம், தாத்தாவின் கை, தபாலாபீஸ் பொட்டலம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஐஸ் எல்லாம் கரைந்துவிட்டது.

"மச்சி, பழைய கதைதான்டா நல்லா இருந்துச்சு" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் மட்டும் ரசம் சாப்பிடக் கீழே போனவன், நேராக அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அங்கிள், அந்த மரம் பாக்க எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.